சுவை பார்க்காத வெள்ளிக்கிழமைகள்

என் தங்கச்சியின் பேத்தி தர்சினி ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையின் குசினியை நடத்துகிறாள். போன மாதம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். பேனை மாதிரி ஒரு சாமானை எடுத்துச் சூப்புக்குள் விட்டாள். அதில் ஒரு இலக்கம் வந்தது. சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது சொல்லுமாம்.

"உது பொய் சொல்லாதோ?" என்று கேட்டேன்.

"மெஷின் எப்பிடி அம்மம்மா பொய் சொல்லும்?"

"அப்ப என்ரை காலத்தில உது இல்லாதது நல்லதாப் போச்சு."

அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை போயிருக்கிறது. அம்மம்மா பத்து வருடம் நாக்கில் ஒரு துளி வைக்காமல் ஜப்பான்காரனுக்குச் சமைத்துப் போட்டவர் என்று தர்சினி சொல்லி வைத்திருக்கிறாள். பத்து வருடம் இல்லை, ஒன்பது வெள்ளிக்கிழமைகள். ஆனால் அந்த ஒன்பதும் என்னை வாங்கின வாங்கு எனக்குத்தான் தெரியும். பிள்ளைகள் அதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பள்ளிக்கூடமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நான் சொல்லுகிறேன், தர்சினி எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது. கதைப் பிழை இருந்தால் என்னுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. மகன் கூப்பிட்டு எடுத்தான். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் வீடு. வந்து மூன்றாம் கிழமையே, நான் குசினியில் நிற்பது மருமகளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. அவள் நிற்பது எனக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பேருடைய நன்மைக்காகவும் வேலை தேடினேன்.

அதே மாடியில் சிவராசா இருந்தார். ஊரில் வங்கியில் காசாளராக இருந்தவர். இங்கே டவுன்ரவுனில் ஒரு கடையில் கோப்பை கழுவினார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், ஆனால் முகத்தில் அது தெரியாது.

"அக்கா, எங்கடை கடையில கோப்பை கழுவ இன்னொரு ஆள் தேடுகினம். வாறியளோ?"

"என்ன கடை?"

"ஜப்பான் கடை. இசகாயா எண்டு சொல்லுவாங்கள்."

"அப்பிடியெண்டா?"

"எங்கடை கள்ளுத் தவறணைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் கலியாணம் நடந்து பிறந்த பிள்ளை," என்றார்.

அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை நான் கேட்கவில்லை. வேலை முடிந்த சனம் வந்து பியர் குடிக்கும், சின்னச் சின்னத் தட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சாப்பிடும், சத்தமாகச் சிரிக்கும். பெண்களும் வந்து ஆண்களுக்குச் சமமாகக் குடித்தார்கள். என் மனுசன் உயிரோடு இருந்து, நான் தவறணையில் வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டிருந்தால் முதலில் கோபப்பட்டிருப்பார். பிறகு வேலை முடிந்து வரும்போது என்ன கொண்டு வருவாய் என்று கேட்டிருப்பார்.

நாங்கள் வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் பத்துக் கோப்பைதான். அங்கே இரண்டு பேர் இருந்த மேசையில் இருந்து இருபது தட்டு வரும். ஒன்று இலை மாதிரி, ஒன்று மீன் மாதிரி, ஒன்று யாரோ கோபத்தில் நசுக்கின மாதிரி. ஒரு வருடம் அதைக் கழுவினேன். அதற்குப் பிறகு மரக்கறி வெட்ட விட்டார்கள். அதிலும் ஒரு வருடம். படிப்பு அவ்வளவுதான், அதில் சொல்ல ஒன்றும் இல்லை, விரலில் மூன்று தழும்பு இருக்கிறது.

ஆனால் முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குசினிக் கதவைத் திறந்ததும் மாசி மணத்தது. எங்கள் மாசிச் சம்பலுக்குப் போடுகிற மாசிக் கருவாடுதான். பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் மரத்தூள் மாதிரிச் சீவின கருவாட்டை அள்ளிப் போட்டு வடித்தார்கள். அந்தக் கடையில் சூப், குழம்பு, அவித்த காய் எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான் அடி. நான் கடல் கடந்து, பனி கடந்து, பஸ்ஸும் இரண்டு ரெயினும் பிடித்து வந்து மாசி மணத்துக்குள் நின்றேன். இதை நான் சமைப்பேன் என்று அன்றைக்கே நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கோப்பை கழுவ வந்தவள் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

கடைக்காரர் ஒகாவா. அவர்தான் பெரிய சமையல்காரரும். எல்லாரும் ஷெஃப் என்று கூப்பிடுவோம். முன்பக்கத்தை அவருடைய மனைவி கெய்கோ பார்த்தார். வாசல் கதவு திறந்தால் குசினியில் நிற்கிறவர்கள் உட்பட எல்லாரும் ஜப்பான் மொழியில் வரவேற்புச் சொல்லிக் கத்த வேண்டும். அந்தச் சொல்லுக்கு என் நாக்கு வளையவில்லை. ஒரு மாதம் "வாங்கோ, வாங்கோ" என்று கத்தினேன். கெய்கோ ஒருநாள் என்னிடம் வந்து, உன்னுடைய சத்தம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது, அப்படியே கத்து என்றார்.

ஷெஃப் கத்த மாட்டார். நான் அவரிடம் இருந்த காலத்தில் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. அதைவிடக் கத்தியிருக்கலாம். யாராவது சமைத்தது பிழைத்து மேசையில் இருந்து திரும்பி வந்தால், அதைக் கொட்ட விடமாட்டார். அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சமைத்தவருக்கு முன்னால் வந்து நின்று, ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிடுவார். கருகின மீனைத் தோலோடு சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சமைத்தவன் ஒரு பொலிஸ்காரன் மாதிரி உடம்பு உள்ளவன். அழுதுவிட்டான்.

நாங்கள் பேசின ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடையதையும் என்னுடையதையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணாது. கீழே நான் அதைத் தமிழில் திருத்தித் தருகிறேன்.

மூன்றாம் வருடம் எனக்கு முதல் தட்டுப் பானை கிடைத்தது. முதல் தட்டு என்பது நானும் சிவராசாவும் வைத்த பெயர். ஆள் வந்து இருந்ததும், கேட்காமலே, குடிக்கிறதோடு ஒரு சின்னத் தட்டு வைப்பார்கள். நாலு துண்டு பூசணி, இல்லாவிட்டால் கொஞ்சம் கீரை. வெள்ளைக்காரர் சிலர் இதை நாங்கள் கேட்கவில்லையே என்று திருப்பித் தள்ளுவார்கள். கெய்கோ பொறுமையாக விளங்கப்படுத்துவார். எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுவிட்டா வைக்கிறோம்?

பூசணி அவிக்கிற முறையைப் பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறேன். தோலை முழுவதும் சீவக் கூடாது, அங்கங்கே மட்டும் சீவ வேண்டும். துண்டின் கூரான விளிம்புகளை எல்லாம் கத்தியால் மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று முட்டிக் கரையும். தோல் பக்கம் கீழே இருக்க ஒரே அடுக்காக அடுக்க வேண்டும். மாசித் தண்ணீர் விட்டு, முதலில் சீனி. சீனி உள்ளே போன பிறகுதான் உப்புக்குச் சோயாச் சோஸ். சோயாவை முதலில் விட்டால் காய் வாயை இறுக்கி மூடிவிடும், பிறகு சீனி வாசலில் நிற்கும். பானையின் வாயைவிடச் சின்னதான ஒரு மரமூடி இருக்கும். அது பானைக்குள்ளே இறங்கிக் காய்க்கு மேலே படுத்துக்கொள்ளும். அப்போது காய் துள்ளாது.

கடைசியில் சுவை பார்க்க வேண்டும். இதுதான் ஷெஃப்பின் சட்டம். அகப்பையில் நக்கிவிட்டுப் போக முடியாது. ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, நிமிர்ந்து நின்று குடிக்க வேண்டும். அவர் எங்கே நின்றாலும் திரும்பி எங்கள் தொண்டையைப் பார்ப்பார். தொண்டை அசைந்தால் பானை போகலாம்.

இனி என் கள்ளத்துக்கு வருகிறேன்.

என் கடைசி மகள் வாசுகி அப்போது கொழும்பில் இருந்தாள். நான் வந்த நேரம் அவளையும் சேர்த்துக் கொண்டுவர வழி வரவில்லை. என் தங்கச்சியோடு ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். நான் ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். ஆனால் எனக்கு நிரந்தரமான வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதின கடிதம் வேண்டும். அதோடு இன்னொன்று. அவளுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள் வருவதற்குள் பத்திரம் இமிகிரேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அவளைப் பிள்ளையாக எடுக்க மாட்டார்கள். சிவராசாதான் படிவத்தை வாசித்து இதை எல்லாம் சொன்னார்.

ஷெஃப்பிடம் போய்க் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

"கோப்பை கழுவுகிறவள் என்று எழுதவா, சமையல்காரி என்று எழுதவா?"

"சமையல்காரி."

"அப்படியென்றால் இரண்டு மாதம் இந்தப் பானையை ஒழுங்காகப் பார். பிறகு எழுதுகிறேன்."

நான் செய்த மடத்தனம், அதே கிழமை ஒரு நேர்த்தியும் வைத்ததுதான். வாசுகி வந்து என் கண் முன்னால் நிற்கும் வரை வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொட மாட்டேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, வெள்ளிக்கிழமையும் பானைக்குள் மாசித் தண்ணீர்தான் என்று. மகளுக்காக அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மகளுக்காக அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. முருகனிடம் திரும்பிப் போய்ப் பேரம் பேச எனக்கு வெட்கம். ஷெஃப்பிடம் சொல்லப் பயம். சுவை பார்க்காதவள் எப்படிச் சமையல்காரி என்று கேட்டால் கடிதம் போய்விடும்.

அதனால் கள்ளம் செய்தேன். கிண்ணத்தை உதட்டில் வைத்து, மேல் உதட்டால் அணை கட்டி, என் எச்சிலை விழுங்குவேன். தொண்டை அசையும். கிண்ணத்தில் இருந்ததைத் திரும்பும்போது தண்ணீர் போகிற பீலிக்குள் ஊற்றுவேன். கோயிலுக்குப் பொங்கும்போதும் படைக்கும்போதும் நாங்கள் வாயில் வைத்தா பார்க்கிறோம்? மணமும் நிறமும் போதும். சோயா விடும்போது பூசணித் தண்ணீர் புதுத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால் உப்புச் சரி. எட்டு வெள்ளி அப்படிப் போனது, எட்டும் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. சிவராசாவிடம் சொன்னேன்.

"அக்கா, பிடிபட்டா?"

"என்ரை தொண்டைக்குள்ள வந்து பாப்பாரோ?"

ஒன்பதாவது வெள்ளி. அடுத்த திங்களோடு இரண்டு மாதம் முடிகிறது. செவ்வாய்க்கிழமை கடிதம் தருகிறேன் என்று ஷெஃப் சொல்லியிருந்தார். வாசுகியின் பிறந்தநாளுக்கு ஐந்து கிழமை இருந்தது.

மத்தியானம் பூசணி அடுக்கினேன். சீனி போட்டேன். சோயாத் தகரத்தைச் சரித்தேன். வழக்கமாக விடுகிற அளவு விட்டும் நிறம் வரவில்லை. இன்னும் விட்டேன். அப்போதும் வெளிறித்தான் இருந்தது. பூசணி இளசு போல என்று நினைத்து, தேத்தண்ணி நிறம் வரும் வரைக்கும் விட்டேன். மணம் நல்ல மணம். கிண்ணத்தில் எடுத்து, நிமிர்ந்து நின்று, எச்சிலை விழுங்கினேன். ஷெஃப் என் தொண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஐந்து மணிக்குக் கடை திறந்தது. அடுப்புக்கு எதிரே இருந்த நீளப் பலகையின் மூலைக் கதிரையில் ஒரு வயதான ஜப்பான் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் வந்து இருப்பார். தனிய வருவார். ஒரு சின்னப் பியர் குடிப்பார். முதல் தட்டைத் துடைத்த மாதிரிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார். குசினிச் சுவரில் தட்டுக் கொடுக்கிற திறப்பால் நான் அவரைப் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். விழுங்கினார். சாப்பிடுகிற குச்சியைக் கீழே வைத்தார். பிறகு தன் கடதாசிக் கைதுடைப்பானை விரித்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் அந்தத் தட்டை மூடினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மா எனக்காக வெட்கப்பட்டார்.

கெய்கோ தட்டை எடுத்து ஷெஃப்பிடம் கொடுத்தார். ஷெஃப் அதை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று துண்டு மீதி இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. தட்டில் கிடந்த தண்ணீரையும் குடித்தார். பச்சைத் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்கவில்லை. அலுமாரிக்குப் போய்ச் சோயாத் தகரத்தைத் திருப்பி அதில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது வேறு சோயா. நிறம் குறைவு, உப்புக் கூட. நீ நிறத்தைப் பார்த்து ஊற்றினாய்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன்.

"சுவை பார்த்தாயா?"

"ஓம், ஷெஃப்."

அவர் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தார். என் பானைத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினார். என் கையில் தந்தார். ஒரு அடி தூரத்தில் நின்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் நான் யோசிக்காத கள்ளம் இல்லை. மயங்கி விழலாமா என்றும் பார்த்தேன், ஆனால் நிலம் ஈரம். ஒரு வாய்தான். விழுங்கிவிட்டு, மூக்கடைத்துத் தடிமன், நாக்குக்குச் சுவை தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். செவ்வாய்க்கிழமை கடிதமும் வந்திருக்கும். கிண்ணம் உதடு வரைக்கும் போனது. மாசி மணத்தது. வாசுகியின் முகம் வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் வந்தது அந்தக் கடதாசியால் மூடின தட்டுத்தான்.

கிண்ணத்தை மேசையில் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை நான் மீன் தொட மாட்டேன். பார்க்கவில்லை. ஒரு வெள்ளியும் பார்க்கவில்லை. பொய்."

"ஒரு வெள்ளியுமா?"

"ஒன்பதும்."

"கடவுளுக்காகவா?"

"மகளுக்காக."

அவர் பானையை அடுப்பில் இருந்து இறக்கினார். கீரையை எடுத்து, கொதிநீரில் போட்டு, பிழிந்து, எள்ளு அரைத்துக் கலந்து, பத்து நிமிடத்தில் புது முதல் தட்டுச் செய்து முடித்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கோப்பைக்குப் போ."

போனேன். சிவராசா கையுறையோடு நின்றார்.

"என்ன அக்கா, பதவி இறக்கமோ?" என்று தொடங்கினவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "சொல்லிப் போட்டியளோ?"

"சொல்லிப் போட்டன்."

"ஏன் அக்கா? ஒரு வாய்தானே. முருகன் மன்னிப்பார். இமிகிரேஷன் மன்னிக்காது."

"இண்டைக்குக் குடிச்சிருந்தா, வாற வெள்ளியும் குடிக்க வேணும். பேந்து எந்த வெள்ளி நிப்பாட்டிறது?"

அவர் எனக்கு முன்னால் இருந்த தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் திரும்ப இழுத்தேன். கீரை வருவதற்கு முன் போன முதல் தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்த பூசணி. அதை நானே கழுவினேன்.

சனிக்கிழமை போனேன். மறுபடி கோப்பை. திங்கள் போனேன். கோப்பை. செவ்வாயும் வந்தது, கடிதம் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கொழும்புக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்தபோது வாசுகி கேட்டாள், "அம்மா, கடிதம் தந்தவரோ?" எழுதிக்கொண்டு இருக்கிறார் என்றேன். பாருங்கள், பொய் என்னை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தபோது என்னுடைய பழைய மேசையில் ஒரு பானை இருந்தது. தண்ணீருக்குள் கறுத்தப் பட்டி மாதிரிக் கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறிக்கொண்டு கிடந்தன. ஷெஃப் பக்கத்தில் நின்றார்.

"இதில் மீன் இல்லை. குடி."

குடித்தேன். உண்மையாகவே குடித்தேன். மீன் இல்லை, ஆனால் மீன் வந்து இருந்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

"என் அப்பா இறந்த திகதி மாதாமாதம் வரும். அன்றைக்கு அம்மா மீன் தொட மாட்டார். இந்தத் தண்ணீரில்தான் சமைப்பார்," என்றார். "கோயில்களிலும் இதுதான். ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னால் பானையை எடுத்துவிடுவீர்கள் என்று பயம்."

"சொல்லாததால்தான் எடுத்தேன்." இன்னொன்றும் சொன்னார். "சோயா மாறினதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது என் பிழை. நீ பார்க்காதது உன் பிழை. இரண்டும் ஒரே பானைக்குள் விழுந்தது."

முதலாளி ஒருவர் தன் பிழை என்று சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கறுத்தப் பட்டியை எடுத்து வேறு கிண்ணத்தில் வைத்தேன்.

"இரண்டு மாதம் மறுபடி தொடங்கும்," என்றார்.

அப்போது பயப்படாமல் சொன்னேன். மகளுக்கு நாலு கிழமையில் பிறந்தநாள். அதற்குப் பிறகு கடிதம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். விரலை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வைத்து எண்ணினார்.

"மற்ற நாளில் உன்னில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று வெள்ளி. இன்றைக்கு முதலாவது."

அன்றைக்குக் கடற்பாசித் தண்ணீரில் பூசணி அவித்தேன். கிண்ணத்தில் விட்டுக் குடித்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு. விட்டேன். மறுபடி குடித்தேன். மாசி இல்லாத தண்ணீரில் சோயா எப்படி நடக்கும் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நாக்குத்தான் சொல்லும். நாலாம் கிண்ணத்தில் சரி வந்தது. ஷெஃப் என் தொண்டையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "நீயே கொண்டுபோய் வை," என்றார்.

ரப்பர்ச் சப்பாத்தோடும் ஈர ஏப்ரனோடும் குசினியை விட்டு வெளியே போனேன். மூலைக் கதிரை அம்மா இருந்தார். அவருக்கு முன்னால் தட்டை வைத்தேன். போய்விடத்தான் நினைத்தேன், கால் போகவில்லை. அவர் ஒரு துண்டு சாப்பிட்டார். இரண்டாவது. நாலும் முடிந்தது. பிறகு கெய்கோவைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கெய்கோ என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொன்று வேண்டுமாம்."

முதல் தட்டை யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. அது வழக்கம் இல்லை. நான் குசினிக்கு ஓடினேன், ஐம்பது வயதைத் தாண்டினவள் ஈர நிலத்தில் ஓடக் கூடாது என்பதையும் மறந்து.

இரண்டாம் வெள்ளி முள்ளங்கி. மூன்றாம் வெள்ளி கத்தரிக்காய். அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஷெஃப் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கை துடைத்து, அதைச் சிவராசாவிடம் கொண்டுபோனேன். பின்கதவுக்குப் பக்கத்தில் பியர்ப் பெட்டி அடுக்கின இடத்தில் நின்று அவர் வங்கிக் குரலில் வாசித்தார்.

"பரமேஸ்வரி எங்கள் கடையில் நிரந்தர வேலை செய்கிறா. அவ சமையல்காரி." வாசித்தவர் நிறுத்தினார். "அக்கா, இதில ஒரு வசனம் கூடக் கிடக்கு."

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமைகளிலும்."

நான் கடிதத்தை வாங்கி அந்த எழுத்தைப் பார்த்தேன்.

"இமிகிரேஷனுக்கு உது விளங்காது அக்கா. குழம்பப் போறாங்கள். அதை எடுத்துவிட்டு வேறை கடிதம் கேப்பமோ?"

"வேண்டாம், விடும். அது அவங்களுக்கு எழுதினதில்லை."

பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கப் பத்திரம் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் குழம்பவில்லை. அடுத்த வருடம், பனி உருகுகிற காலத்தில், வாசுகி விமான நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து என் கண் முன்னால் நின்றாள். நேர்த்தி அன்றைக்கே முடிந்தது. ஆனால் கடையில் வெள்ளிக்கிழமைப் பானை முடியவில்லை. அதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அவள் வந்த கிழமையே ஷெஃப் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வந்து நீளப் பலகையில் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. யாரோ எழும்பச் சொன்னால் உடனே போய்விடலாம் என்கிற மாதிரி நுனியில் இருந்தாள். லொட்ஜில் நாலு வருடம் அப்படித்தான் இருந்திருப்பாள். சுற்றிவரச் சனம் சிரித்துச் சத்தம் போட்டது. கெய்கோ அவளுக்குக் குடிக்கத் தேத்தண்ணி வைத்தார், முதல் தட்டை வைத்தார். அன்றைக்கு முள்ளங்கி. நான் காலையில் இருந்து அந்தப் பானையை விட்டு நகரவில்லை. ஐந்து கிண்ணம் குடித்திருந்தேன்.

வாசுகி குச்சியை விட்டுக் கரண்டியால் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டாள். மெதுவாக மென்றாள். குசினித் திறப்பால் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உப்புக் கொஞ்சம் காணாது."

ஷெஃப் அடுப்படியில் இருந்து கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

நன்றாக இருக்கிறதாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொழும்பில் இருந்து வந்து நாலு நாள் ஆகாதவள், அவர் கூப்பிட்டு வைத்த சாப்பாட்டுக்குக் குறை சொல்லுகிறாள். மூடின தட்டு நினைவுக்கு வந்தது.

"உப்புக் காணாதாம்."

ஷெஃப் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்தார். என் பானையில் இருந்து விட்டு, நிமிர்ந்து நின்று குடித்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். இரண்டு விரலால் உப்பு எடுத்துப் போட்டார். மறுபடி குடித்தார். எனக்கும் தந்தார். குடித்தேன். அவள் சொன்னது சரி.

"அவளுக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"வந்து நாலு நாள்தானே, ஷெஃப்."

"திங்கட்கிழமை வரச் சொல். முதலில் கோப்பை."

நான் திறப்பால் தலையை விட்டுச் சொன்னேன். வாசுகி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு எழும்பி, கோட்டைக் கழற்றிக் கதிரையில் கொழுவிவிட்டு, நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருந்தாள்.